கோல்ஜி சிதறுவது ஏன்? தும்புப் புரதங்கள் பற்றிய விளக்கம்

அல்சைமர் நோய், இயக்க நரம்புகளை அழிக்கும் ஏ.எல்.எஸ். நோய், சில வைரஸ் தொற்றுகள் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுச் செய்திகளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: ‘பாதிக்கப்பட்ட செல்களில் கோல்ஜி சிதறிக் கிடந்தது.’ கோல்ஜி என்பது செல்லுக்குள் புரதங்களைத் திருத்தி அனுப்பிவைக்கும் ஓர் உறுப்பு. படிப்பவர் இந்த வரியை எப்படி எடுத்துக்கொள்வது? கோல்ஜி சிதறியதால் நோய் வந்ததா, நோய் முற்றியதால் கோல்ஜி சிதறியதா? சிதறியது என்றால் நொறுங்கிப் போனதா, வெறுமனே பிரிந்து நிற்கிறதா?

விடை காண வேண்டுமானால் கோல்ஜியை ஒன்றாக வைத்திருப்பது எது என்று முதலில் தெரிய வேண்டும். அந்த வேலையில் முக்கியப் பங்குள்ள புரதங்களுக்கு, மாட்டைக் கட்டிவைக்கும் கயிற்றின் பெயரையே ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள். கன்றைக் கட்டும் கயிற்றுக்குத் தமிழில் தும்பு என்று பெயர் உண்டு. எனவே இங்கே அவை தும்புப் புரதங்கள்.

## தட்டு, அடுக்கு, நாடா

தமிழ்ப் பாடநூல்களில் ‘கோல்கை உறுப்பு’ என்று வரும் இந்த உறுப்பை 1898-இல் இத்தாலியின் பாவியா நகரில் கமில்லோ கோல்ஜி கண்டார். கூகையின் சிறுமூளையிலுள்ள புர்கின்ஜே நரம்பு செல்களை வெள்ளி உப்பால் கறுப்பாக்கிப் பார்த்தபோது, உட்கருவைச் சுற்றி ஒரு வலை தெரிந்தது. அது உண்மையான உறுப்பா, சாயம் ஏற்றியதால் வந்த மாயத் தோற்றமா என்ற வழக்கு 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வரும்வரை முடியவில்லை.

கோல்ஜியின் வேலை, எண்டோபிளாச வலையில் உருவாகி வரும் புரதங்களை வாங்கி, அவற்றின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டியும் ஒட்டியும் திருத்தி, சேர வேண்டிய இடத்துக்கு அனுப்புவது. அமைப்பை மூன்று நிலைகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். செய்திகளில் வரும் குழப்பத்தில் பாதி, இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருகிறது.

1. தட்டு: சவ்வால் ஆன தட்டையான பை. சுமார் 1 மைக்ரோமீட்டர் அகலம். உயிரியல் நூல்கள் இதை சிஸ்டர்னா என்கின்றன.
2. அடுக்கு: பாலூட்டி செல்களில் பெரும்பாலும் 4 முதல் 8 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தது. சரக்கு நுழையும் பக்கம் சிஸ் முகம், வெளியேறும் பக்கம் டிரான்ஸ் முகம். தட்டுகளுக்கு இடையே உள்ள வெளி பத்துப் பதினைந்து நானோமீட்டர்தான்.
3. நாடா: முதுகெலும்பு உள்ள விலங்குகளின் செல்களில் இப்படிப்பட்ட பல அடுக்குகள் பக்கவாட்டில் குழாய்களால் இணைந்து, உட்கருவுக்கு அருகே ஒரே பட்டையாக நிற்கும்.

இந்த மூன்றும் எல்லா உயிர்களுக்கும் பொது அல்ல. தாவர செல்களில் அடுக்குகள் உண்டு, நாடா கிடையாது. நூற்றுக்கணக்கான அடுக்குகள் செல் முழுக்கத் தனித்தனியாக அலைகின்றன. பழப்பூச்சியிலும் அடுக்குகள் தனித்தனியே. ரொட்டிக்குப் போடும் ஈஸ்டில் அடுக்கு கூடக் கிடையாது. தட்டுகள் ஒவ்வொன்றும் தனியாகச் சுற்றுகின்றன. அந்த ஈஸ்ட் புரதங்களை நன்றாகவே வெளியே அனுப்புகிறது. ஆகவே ‘சிதறிய கோல்ஜி’ என்றாலே ‘வேலை செய்யாத கோல்ஜி’ என்று பொருளாகாது. இதை ஓர் ஓரமாகக் குறித்துக்கொண்டு மேலே போகலாம்.

## நுண்குமிழி ஏன் தானாக வந்து ஒட்டாது

கோல்ஜிக்குள் போக்குவரத்தின் பெரும்பகுதி நுண்குமிழிகளில் நடக்கிறது. ஒரு தட்டின் விளிம்பில் சவ்வு குமிழாகப் பிதுங்கி, அறுந்து, வேறொரு தட்டோடு இணைகிறது. கோல்ஜித் தட்டுகளிலிருந்து புறப்படும் காப்-1 வகை நுண்குமிழியின் விட்டம் சுமார் 50 முதல் 60 நானோமீட்டர்.

இணைப்பை முடித்துவைப்பவை ஸ்னேர் புரதங்கள். குமிழியில் ஒரு பாதி, தட்டில் மறு பாதி. இரண்டும் பையின் ஜிப்பைப் போல முறுக்கிக்கொண்டு சவ்வுகளை ஒன்றாக்கும். இந்த வேலைகளை விளக்கியதற்காக ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன், தாமஸ் சூடாஃப் மூவரும் 2013-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் ஸ்னேருக்கு எட்டும் தூரம் பத்து நானோமீட்டர் அளவுதான். அதைவிடத் தள்ளி நிற்கும் குமிழி அதற்குத் தெரியாது. அதோடு, ஒரே ஸ்னேர் பல தட்டுகளில் இருப்பதால், சரியான தட்டு எது என்பதை அது மட்டுமே தீர்மானிக்க முடியாது.

தூரத்திலேயே பிடித்து இழுக்கவும், ஆள் பார்த்துப் பிடிக்கவும் வேறொன்று தேவை. அதுதான் தும்பு. ஒரு குமிழி தட்டைச் சேர்வதன் படிகள் இவை:

1. தட்டின் பரப்பில் ராப், ஆர்ஃப், ஆர்ல் குடும்பங்களைச் சேர்ந்த சிறு ஜிடிபேஸ் புரதங்கள் ஒட்டியிருக்கும். எந்தத் தட்டு எது என்பதற்கு இவைதான் அடையாளப் பலகை.
2. அந்த அடையாளத்தைப் படித்து, தும்புப் புரதத்தின் ஒரு முனை தட்டில் ஊன்றிக்கொள்ளும். மறுமுனை செல்சாற்றில் நீண்டு ஆடிக்கொண்டிருக்கும்.
3. அந்த மறுமுனை, தனக்கு உரிய குமிழி அருகே வந்தால் பற்றும்.
4. தும்பு வளைந்து குமிழியைச் சவ்வருகே கொண்டுவரும்.
5. பல உறுப்புகள் கொண்ட இன்னொரு வகைத் தும்பு, ஸ்னேர்களைச் சேர்த்துப் பிடித்து முறுக்கத் தொடங்க உதவும்.
6. சவ்வுகள் இணையும். தும்பு விடுபட்டு அடுத்த குமிழிக்குக் காத்திருக்கும்.

## நீளத் தும்புகள்: கோல்ஜின்கள்

கோல்ஜின்கள் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. இவற்றில் பல முதலில் சிக்கியது ஆய்வாளர் தேடியதால் அல்ல. ஷோக்ரென் நோய்க்கூட்டு போன்ற தன்னெதிர்ப்பு நோயாளிகளின் இரத்தத்தில் கோல்ஜியைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அவை எதைப் பிடிக்கின்றன என்று பார்த்தபோது இந்த நீளப் புரதங்கள் வெளிவந்தன. நீளமாகத் துருத்திக்கொண்டு நிற்பவையே எதிர்ப்பொருளுக்கு முதலில் அகப்படுகின்றன போலும்.

இவற்றின் உடல் முழுக்க இரண்டு ஆல்ஃபா சுருள்கள் கயிறு திரித்ததுபோல் ஒன்றையொன்று முறுக்கியபடி ஓடும். நீளத்தைக் கணக்கிடுவது எளிது. இந்த முறுக்கில் ஓர் அமினோ அமிலத்துக்கு சுமார் 0.15 நானோமீட்டர். எனவே ஏறத்தாழ 1,000 அமினோ அமிலம் கொண்ட ஜிஎம்130, முழுக்க நீண்டால் அதிகபட்சம் 150 நானோமீட்டர். ஏறத்தாழ 2,000 கொண்ட ஜிமேப்-210 என்றால் 300. மூவாயிரத்துக்கும் மேல் கொண்ட ஜயன்டின் 450-ஐத் தாண்டும். இடையிடையே முறுக்கு விடுபட்ட பகுதிகள் இருப்பதால் நிஜ நீளம் இதைவிடக் குறைவு. அப்படியும் 55 நானோமீட்டர் குமிழிக்கு இது நல்ல நீளமான கயிறு.

தட்டுகளுக்கு இடையே பத்துப் பதினைந்து நானோமீட்டர் வெளிதான் இருக்கிறது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். இவ்வளவு நீளக் கயிறு அந்தச் சந்தில் நிமிர்ந்து நிற்க இடமில்லை. பெரும்பாலான கோல்ஜின்கள் தட்டின் விளிம்பிலும் அடுக்கின் இரு முகங்களிலும் நிற்பது இதற்குப் பொருந்துகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கோல்ஜியைச் சுற்றி ரைபோசோம் நுழையாத ஒரு வெற்று வளையம் தெரியும். கோல்ஜின்களின் அடர்ந்த புதர்தான் அதற்குக் காரணம் என்பது பொதுவான விளக்கம்.

ஒவ்வொரு கோல்ஜினுக்கும் ஊன்றும் இடம் வேறு. ஜிஎம்130-இன் வால், கிராஸ்ப்65 என்ற புரதம் வழியாக சிஸ் முகத்தில் ஒட்டுகிறது. அதன் தலை பி115 என்ற இன்னொரு தும்பைப் பற்றுகிறது. ஜயன்டின், கோல்ஜின்-84 இரண்டின் வாலும் நேரே சவ்வுக்குள்ளேயே புதைந்திருக்கும். கோல்ஜின்-97, கோல்ஜின்-245 இரண்டும் ஆர்ல்1 இருக்கும் இடத்தில், அதாவது டிரான்ஸ் முகத்தில், ஒட்டும்.

ஜிமேப்-210 தனிக் கவனத்துக்கு உரியது. அதன் வால் ஆர்ஃப்1 உள்ள தட்டில் ஒட்டுகிறது. தலையில் சுமார் 40 அமினோ அமில நீளமுள்ள ஒரு பகுதி இருக்கிறது. அது எந்தப் புரதத்தையும் தேடுவதில்லை, சவ்வின் வளைவைத் தேடுகிறது. சிறு குமிழியின் சவ்வு அதிகமாக வளைந்திருப்பதால் கொழுப்பு மூலக்கூறுகளுக்கு இடையே சிறு சந்துகள் விடும். அந்தச் சந்துகளில் இப்பகுதி செருகிக்கொள்ளும். தட்டையான சவ்வில் சந்து இல்லாததால் அங்கே ஒட்டாது. ஒரே புரதத்தின் ஒரு முனை தட்டையும் மறுமுனை உருண்டையையும் பிரித்தறிவது இப்படித்தான்.

## ஆள் பார்த்துப் பிடிக்கிறதா? மைட்டோகாண்ட்ரியா சோதனை

கோல்ஜின்கள் குமிழிகளைப் பிடிக்கின்றன என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. ஒரு கோல்ஜினை நீக்கினால் கோல்ஜி கொஞ்சம் குலையும், கொஞ்சம் தாமதமாகும். ஒன்றின் வேலையை மற்றொன்று ஈடுகட்டிவிடும். தெளிவான விடை வராது.

2014-இல் கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் மீ வாங், ஷான் மன்ரோ இருவரும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். கோல்ஜினை நீக்காமல் இடம் மாற்றினார்கள். ஒவ்வொரு கோல்ஜினின் வால் பகுதியையும் வெட்டிவிட்டு, அங்கே மைட்டோகாண்ட்ரியாவில் ஒட்டும் வால் ஒன்றை வைத்தார்கள். கோல்ஜிக்குப் போக வேண்டிய குமிழிகள் மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றிக் கூடுகின்றனவா என்று பார்த்தார்கள்.

கூடின. அதுவும் கலப்படமில்லாமல். கோல்ஜின்-97, கோல்ஜின்-245, ஜிசிசி88 ஆகியவை, செல் உள்ளிழுத்த சரக்கைப் பிரித்தனுப்பும் பையான எண்டோசோமிலிருந்து திரும்பும் குமிழிகளை மட்டும் இழுத்தன. ஜிஎம்130, ஜிமேப்-210 இரண்டும் எண்டோபிளாச வலையிலிருந்து வருபவற்றை இழுத்தன. கோல்ஜின்-84, டிஎம்எஃப், ஜிமேப்-210 மூன்றும் கோல்ஜிக்குள்ளேயே தட்டுவிட்டுத் தட்டு போகும், நொதிகளைச் சுமந்த குமிழிகளை இழுத்தன. வேறெந்த உதவியும் இல்லாத அந்நிய இடத்தில்கூட கோல்ஜின் தன் சரக்கைத் தெரிந்துகொண்டது. முகவரியின் பெரும்பகுதி கயிற்றிலேயே எழுதியிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது. இத்துறையில் வந்த சோதனைகளில் மிக அழகானது இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் இந்தச் சோதனையில் பிடிபட்ட குமிழிகள் மைட்டோகாண்ட்ரியாவோடு இணைந்துவிடவில்லை, பக்கத்தில் கட்டுண்டு கிடந்தன. அங்கே ஸ்னேர் இல்லை. பிடிப்பது வேறு, இணைப்பது வேறு என்பது இதிலிருந்தே தெரிகிறது.

## கயிறு நீளம் என்றால் குமிழி எப்படிக் கிட்ட வரும்?

150 நானோமீட்டர் தள்ளிப் பிடித்து வைத்தால் பத்து நானோமீட்டர் எட்டும் ஸ்னேருக்கு என்ன பயன்? கோல்ஜினை விறைப்பான கம்பியாக நினைத்தால் இந்தக் கேள்விக்கு விடை இல்லை.

ஜிசிசி185 என்ற கோல்ஜினை அணுவிசை நுண்ணோக்கியில் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வு வழி காட்டியது. அந்தப் புரதம் நேராக நிற்கவில்லை. நடுவில் முறுக்கு விடுபட்ட மூட்டு இருந்தது, கயிறு அங்கே மடங்கியது. மூட்டுப் பகுதியை விறைப்பாக்கி மாற்றியபோது செல்லுக்குள் அந்தப் புரதத்தால் குமிழிகளைக் கட்ட முடியவில்லை. எல்லாத் தும்புகளும் இதே முறையில்தான் மடங்குகின்றன என்று இதிலிருந்து சொல்லிவிடக் கூடாது. கயிற்றின் நெடுகிலும் ராப் புரதங்கள் ஒட்டும் இடங்கள் இருப்பதால், குமிழி ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்கு மாறி மாறி இறங்கி வருவதாகவும் ஒரு விளக்கம் உண்டு.

## பல உறுப்புத் தும்புகள்

கடைசிப் பத்திருபது நானோமீட்டரைக் கவனிப்பவை இவை. கோல்ஜிக்கு முக்கியமானவை இரண்டு. காக் என்ற கூட்டில் 8 உறுப்புகள். கோல்ஜிக்குள் பின்னோக்கிச் செல்லும் குமிழிகளைப் பார்த்துக்கொள்கிறது. கார்ப் என்ற கூட்டில் 4 உறுப்புகள். எண்டோசோமிலிருந்து டிரான்ஸ் முகத்துக்குத் திரும்புவதைப் பார்த்துக்கொள்கிறது. இவை ஒருபுறம் கோல்ஜின்களையும் ராப்களையும், மறுபுறம் ஸ்னேர்களையும் பற்றும்.

காக் கூட்டின் முதல் தடயம் கிடைத்தது கொழுப்பு ஆய்வில். 1980-களில் மான்டி க்ரீகரின் ஆய்வகம், எல்.டி.எல். கொழுப்பை உள்ளிழுக்க முடியாத சீன வெள்ளெலி செல்களைத் தேடிப் பிடித்தது. அவற்றில் சிலவற்றில் எல்.டி.எல். ஏற்பிக்கான மரபணு பழுதில்லாமல் இருந்தது. ஏற்பியின்மேல் ஏற வேண்டிய சர்க்கரைகள்தான் அரைகுறையாக இருந்தன, அதனால் ஏற்பி நிலைக்கவில்லை. பழுதுபட்டவை பின்னாளில் காக்1, காக்2 என்று தெரிந்தன.

## பிடிப்பதற்கும் வடிவத்துக்கும் என்ன தொடர்பு?

இங்கேதான் பலர் தவறான படம் ஒன்றை மனத்தில் வரைந்துகொள்கிறார்கள்: தட்டுகளைத் தும்புகள் மூட்டை கட்டுவதுபோல் இறுக்கி வைத்திருக்கின்றன, தும்பு அறுந்தால் மூட்டை அவிழும். இது முழுப் பொய் இல்லை. ஆனால் முதன்மையான காரணம் வேறு.

கோல்ஜி நிலையாக நிற்கும் பொருள் அல்ல. ஒரு பக்கம் சவ்வு வந்து சேர்ந்துகொண்டும் மறுபக்கம் பிய்ந்து போய்க்கொண்டும் இருக்கிறது. ஓடும் ஆற்றில் ஒரே இடத்தில் நிற்கும் சுழியைப் போல, உருவம் நிற்கிறது, உள்ளிருப்பது மாறுகிறது. இதை ஒரு கணக்கால் பார்க்கலாம். 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள வட்டத் தட்டின் இரு பரப்பும் சேர்ந்து சுமார் 1.57 சதுர மைக்ரோமீட்டர். 55 நானோமீட்டர் குமிழியின் பரப்பு சுமார் 0.0095. ஆக, ஏறத்தாழ 165 குமிழிகள் பிய்ந்துபோய், ஒன்றுகூடத் திரும்பி வராவிட்டால், தட்டு தீர்ந்துவிடும்.

குமிழி பிதுங்குவது ஒரு வேலை, வந்து சேர்வது இன்னொரு வேலை. தும்பு பழுதானால் இரண்டாவது மட்டும் நிற்கும், முதலாவது நடந்துகொண்டே இருக்கும். செலவு உண்டு, வரவு இல்லை. தட்டு சுருங்கும், சுற்றிலும் அநாதைக் குமிழிகள் சேரும். காக் கூட்டை நீக்கிய செல்களில் தெரிவது இதுதான்: சேர இடமில்லாத குமிழிகளின் கூட்டம். தும்பின் வேலை பெரும்பாலும் வரவை உறுதி செய்வது, வடிவம் அந்த வரவின் விளைவு.

பூஞ்சையிலிருந்து கிடைக்கும் பிரெஃபெல்டின்-ஏ என்ற மருந்து இதையே வேறு கோணத்தில் காட்டுகிறது. ஆர்ஃப்1-ஐ இயக்கும் புரதத்தை அது தடுக்கிறது. சில நிமிடங்களில் கோல்ஜியின் நொதிகள் எண்டோபிளாச வலைக்குத் திரும்பிவிடும். ஜிஎம்130 போன்ற சில கோல்ஜின்கள் மட்டும் சிறு சிறு துண்டுகளாகத் தனியே மிஞ்சும். மருந்தைக் கழுவினால் கோல்ஜி மீண்டும் உருவாகும். மிஞ்சிய அந்தக் கோல்ஜின்களே கோல்ஜியின் எலும்புக்கூடு என்று ஒரு தரப்பு வாதிட்டது. அவையும் போக்குவரத்தைச் சார்ந்தவையே என்று மறுதரப்பு சொன்னது.

## நேரடியாகக் கட்டுபவை: கிராஸ்ப் விவகாரம்

கிராஸ்ப்65 (1997), கிராஸ்ப்55 (1999) இரண்டும் செல்லுக்கு வெளியே, கண்ணாடிக் குழாயில் கோல்ஜியை உடைத்து மீண்டும் அடுக்கவைக்கும் சோதனையில் பிடிபட்டவை. முதலாவது சிஸ் பக்கம், இரண்டாவது நடுப் பகுதியிலும் டிரான்ஸ் பக்கமும். எதிரெதிர்த் தட்டுகளில் இருக்கும் கிராஸ்ப்கள் ஒன்றோடொன்று கைகோத்து அடுக்கை ஒட்டிவைக்கின்றன என்பது அன்றைய முடிவு. பாடநூல்களில் இன்றும் இதுவே இருக்கிறது.

பின்னர் வந்த முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

1. 2014: கிராஸ்ப்65 இல்லாத எலிகள் பிறந்து வாழ்ந்தன. அடுக்குகள் இருந்தன. சிஸ் பக்கத்தில் பக்கவாட்டு இணைப்புதான் குறைந்தது.
2. 2017: மனித செல் வரிசைகளில் மரபணு வெட்டும் முறையால் இரண்டையும் நீக்கியபோது அடுக்குகளே கலைந்தன.
3. 2020: எலிகளில் இரண்டையும் நீக்கியபோது அடுக்கு நின்றது. நாடா பிரிந்தது, தட்டுகளின் அகலம் குறைந்தது.
4. 2021: ஆக்சின் என்ற தாவர ஊக்கியைச் சேர்த்தால் குறிப்பிட்ட புரதம் மட்டும் சிதையும்படி செல்களை மாற்றி, சுமார் இரண்டே மணி நேரத்தில் இரண்டு கிராஸ்ப்களையும் அழித்தார்கள். நாடா பிரிந்தது, அடுக்கு நின்றது.

எது சரி? நேரம்தான் முக்கியத் துப்பு. மரபணுவை வெட்டிய செல் வரிசையை வளர்த்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் கிராஸ்ப்பை நம்பியிருக்கும் கோல்ஜின்களும் இடம்பெயரும், போக்குவரத்தும் மாறும். அப்போது தெரியும் கோலத்தில் எது முதல் விளைவு, எது அதன் பின்விளைவு என்று பிரிப்பது கடினம். இரண்டு மணி நேரச் சோதனையில் அந்தக் கலப்பு மிகக் குறைவு. எனவே கிராஸ்ப்களின் முதல் வேலை அடுக்குகளைப் பக்கவாட்டில் நாடாவாக இணைப்பது, அடுக்குவதில் அவற்றுக்குப் பங்கு இருந்தாலும் அது தனிப் பங்கு அல்ல என்று கொள்வதே இப்போதைக்கு நியாயம். வழக்கு முடிந்துவிட்டது என்று மட்டும் எண்ண வேண்டாம்.

## செல் தானே தும்பை அவிழ்க்கும் நேரம்

ஒவ்வொரு செல் பிரிவிலும் கோல்ஜி சிதறுகிறது, அதுவும் திட்டமிட்டு.

1. பிரிவுக்குச் சற்று முன், ஜி2 கட்டத்தில், நாடா தனி அடுக்குகளாகப் பிரியும். இதைத் தடுத்தால் செல் பிரிவுக்குள் நுழையத் தாமதமாகும்.
2. சிடிகே1 என்ற கைனேஸ், ஜிஎம்130-இன் தலையில் 25-ஆவது அமினோ அமிலமான செரினில் பாஸ்பேட் ஏற்றும். பி115 அதைப் பிடிக்க முடியாமல் விடும். வரவு நின்றது.
3. காப்-1 குமிழிகள் பிதுங்குவது தொடரும். மேலே போட்ட 165 குமிழிக் கணக்கு செல்லுக்குள் நடந்தேறும்.
4. சிடிகே1, பிஎல்கே1 இரண்டும் கிராஸ்ப்65-இல் பாஸ்பேட் ஏற்ற, அதன் கைகோப்பும் விடும்.
5. பிரிவின் முடிவில் பாஸ்பேட்டுகள் நீக்கப்படும். தும்புகள் மறுபடி பிடிக்கத் தொடங்கும். இரு மகள் செல்களிலும் அடுக்கு, பிறகு நாடா என்று எழும்பும்.

ஒரு பாஸ்பேட்டால் அவிழ்த்து, அதை எடுத்ததும் கட்ட முடிகிற முடிச்சு இது. செல் தற்கொலையில் அப்படியில்லை. காஸ்பேஸ் நொதிகள் கிராஸ்ப்65, பி115, கோல்ஜின்-160 ஆகியவற்றை வெட்டியே விடும். கிளமிடியா பாக்டீரியா தொற்றிய செல்களிலும் கோல்ஜின்-84 வெட்டப்படுகிறது; சிதறிய கோல்ஜியிலிருந்து அது தனக்கு வேண்டிய கொழுப்பை எடுத்துக்கொள்கிறது.

## தும்பு பழுதானால் உடலில் என்ன ஆகும்?

முதல் அடி சர்க்கரைச் சங்கிலியில் விழும். கோல்ஜியின் நொதிகளுக்கு வரிசை உண்டு: முதலில் மான்னோஸைக் கத்தரிப்பவை, பிறகு புதுச் சர்க்கரைகளைச் சேர்ப்பவை, கடைசியில் கேலக்டோஸும் சயாலிக் அமிலமும் ஏற்றுபவை. சரக்கோடு முன்னே நகர்ந்துவிடும் நொதிகளைப் பின்னுக்குக் கொண்டுவருவது பின்னோக்கிச் செல்லும் குமிழிகள். அவற்றைப் பிடிக்கும் காக் பழுதானால் நொதிகள் வீடு திரும்பாமல் தொலையும், சங்கிலிகள் குட்டையாக நிற்கும்.

காக்7 மரபணுப் பிறழ்வு 2004-இல் உடன்பிறந்த இரு சிசுக்களில் கண்டறியப்பட்டது. மற்ற காக் உறுப்புகளிலும் பிறழ்வுகள் பிறகு தெரியவந்தன. இவற்றைப் பிறவிச் சர்க்கரையேற்றக் குறைபாடுகள் என்ற தொகுதியில் வைக்கிறார்கள். முதல் சோதனை எளிமையானது: இரத்தத்தில் உள்ள டிரான்ஸ்ஃபெரின் புரதத்தை மின்புலத்தில் பிரிப்பது. சாதாரண டிரான்ஸ்ஃபெரினில் பெரும்பாலும் 4 சயாலிக் அமிலங்கள் இருக்கும். ஒவ்வொன்று குறையும்போதும் மின்னூட்டம் மாறி, பட்டை இடம் மாறும். ஆனால் இது எந்தத் தும்பு பழுது என்று சொல்லாது. அதற்கு மரபணுவைப் படித்தே ஆக வேண்டும்.

ஜிமேப்-210 முழுக்க இல்லாமல் போனால் 1ஏ வகை அகோண்ட்ரோஜெனசிஸ் என்ற கொடிய எலும்பு நோய் வரும் என்று 2010-இல் தெரிந்தது, குழந்தை பிழைப்பதில்லை. எல்லா செல்லிலும் உள்ள புரதம், அடி விழுவது குருத்தெலும்பில். குருத்தெலும்பு செல்கள் மிகப் பெரிய புரதங்களை ஏராளமாக வெளியே தள்ள வேண்டியவை. போக்குவரத்து கொஞ்சம் தடைப்பட்டாலும் எண்டோபிளாச வலை வீங்கிவிடும். குடும்பத்திலேயே பெரிய ஜயன்டினை நீக்கிய செல் வரிசைகளிலோ கோல்ஜி பார்வைக்கு ஏறத்தாழ இயல்பாகவே இருக்கிறது. உருவத்தின் பெருமையை வைத்து முக்கியத்துவத்தை எடைபோட முடியாது.

இன்னொரு முரண்: கிராஸ்ப்களைக் குறைத்த செல்களில் புரதங்கள் கோல்ஜியைக் கடக்கும் வேகம் கூடியது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சர்க்கரைத் திருத்தம் பிழையானது. பந்தியில் பரிமாறி முடிக்கும் முன்பே எழுந்து போனவரின் இலையைப் போல, சரக்கு அரைகுறையாக வெளியேறியது.

## ‘கோல்ஜி சிதறியது’ என்ற செய்தியைப் படிக்கும்போது

பெரும்பாலான ஆய்வுகளில் சிதறலைப் பார்ப்பது ஒளிரும் எதிர்ப்பொருள் முறையில். சிஸ் பக்கத்துக்கு ஜிஎம்130, டிரான்ஸ் பக்கத்துக்கு டிஜிஎன்46 என்று நிறமேற்றுவார்கள். கவனிக்க வேண்டியவை:

- சாதாரண ஒளி நுண்ணோக்கி சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழ் பிரித்துக் காட்டாது. புள்ளிகளாகத் தெரிவது நாடா பிரிந்த அடுக்குகளா, கலைந்த தட்டுகளா என்று அதில் தெரியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
- செல்லுக்குள் தண்டவாளம் போல் ஓடும் நுண்குழல்களைக் கலைக்கும் நோக்கடசோல் என்ற மருந்தைப் போட்டாலே நாடா பிரிந்து, குட்டி அடுக்குகள் எண்டோபிளாச வலையின் வெளியேறும் வாயில்களுக்கு அருகே போய் நிற்கும். தும்புகளுக்கு ஒரு குறையும் இராது. ஆக, சிதறலுக்குக் காரணம் நுண்குழலாகவும் இருக்கலாம்.
- பிரிந்துகொண்டிருக்கும் செல்களும் செத்துக்கொண்டிருக்கும் செல்களும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டனவா?
- புரதத்தைக் குறைத்தது மூன்று நாள் எடுக்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு முறையிலா, சில மணி நேரச் சிதைப்பு முறையிலா?
- மறுபடி பழுதாக முடியாதபடி மாற்றிய புரதத்தைத் திருப்பிக் கொடுத்தால் கோல்ஜி மீள்கிறதா? மீண்டால் நோயின் அடையாளமும் குறைகிறதா?

கடைசிக் கேள்விதான் கனமானது. அது இல்லாமல் சிதறலை மட்டும் காட்டிக் காரணம் பேசுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

அல்சைமரில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். 2014-இல் வந்த ஆய்வில், அல்சைமர் மூளையில் படியும் புரதத் துண்டான அமிலாய்டு-பீட்டா சேரும்போது சிடிகே5 என்ற கைனேஸ் தூண்டப்பட்டு, அது கிராஸ்ப்65-இல் பாஸ்பேட் ஏற்றியது, கோல்ஜி சிதறியது. பாஸ்பேட் ஏற முடியாதபடி மாற்றிய கிராஸ்ப்65-ஐக் கொடுத்தபோது கோல்ஜி மீண்டது, அமிலாய்டு-பீட்டா வெளியேறுவதும் குறைந்தது. அமிலாய்டு கோல்ஜியைக் கெடுக்க, கெட்ட கோல்ஜி அமிலாய்டைக் கூட்டும் ஒரு வட்டம் இருப்பதாக இது காட்டுகிறது. ஆனால் இவை ஆய்வகச் செல்களிலும் எலித் திசுக்களிலும் கண்டவை. நோயாளியின் மூளையில் இந்த வட்டத்துக்கு எவ்வளவு பங்கு என்பது வேறு கேள்வி.

இயக்க நரம்புச் சிதைவில் முன்பின் வரிசை தெளிவாகத் தெரிவது ‘வாப்லர்’ எனப்படும் எலி வகையில். தள்ளாடி நடக்கும் இந்த எலிகளின் இயக்க நரம்புகள் அழிகின்றன. காரணம் கார்ப் தும்பின் உறுப்பான விபிஎஸ்54-இல், 967-ஆவது இடத்தில் இருந்த லியூசின் குளுட்டமினாக மாறியது என்று 2005-இல் கண்டார்கள். அந்த ஒரு மாற்றத்தால் புரதம் நிலைக்காமல் போகிறது, கார்ப்பின் அளவு குறைகிறது, எண்டோசோமிலிருந்து கோல்ஜிக்குத் திரும்பும் பாதை தளர்கிறது. இங்கே முதலில் பழுதானது தும்பு. நரம்பு அழிந்தது அதற்குப் பிறகு.